எழுத்துக்கு எண் கொடுத்த காசு: லிபி, மானியம், அதிகாரம் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

கணிப்பொறித் திரையில் ஓர் எழுத்து தோன்றுகிறது என்றால் அதற்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது. 'அ'வுக்கு ஓர் எண், 'ழ'வுக்கு ஓர் எண். அந்த எண்ணை உலகம் முழுக்க ஒரே மாதிரி வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குத்தான் யூனிகோடு என்று பெயர். இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நம் சூழலில் இந்தக் குறியேற்றம் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு தடங்களில்தான் ஓடியிருக்கிறது. ஒன்று பொறியாளர்களின் தடம்: எத்தனை பிட், எத்தனை இடம், எது வேகம். மற்றது மொழிக்காவலர்களின் தடம்: யார் நம் எழுத்துக்குள் எதை நுழைக்கப் பார்க்கிறார்கள். இரண்டு தடத்திலும் அதிகம் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. இந்த வேலையைச் செய்கிறவனுக்குச் சோறு போடுவது யார்?

பணம் என்றவுடன் சதி என்று துள்ள வேண்டியதில்லை. யாரும் பெட்டியில் காசு கொண்டுவந்து கொடுத்து எழுத்தை மாற்றவில்லை. விஷயம் அதைவிடச் சாதாரணமானது. ஆகவே கூடுதல் கவனம் கோருவது. ஒரு லிபிக்கு எண் வாங்கித் தருவது என்பது பல வருட உழைப்பு. அந்த உழைப்பில் எந்தப் பகுதியை 'வேலை' என்று ஒப்புக்கொண்டு கூலி தருகிறார்கள், எந்தப் பகுதியைச் சும்மா விட்டுவிடுகிறார்கள் என்பதில்தான் அதிகாரம் வேலை செய்கிறது. இதற்கென்றே ஒதுக்கப்பட்ட மானியப் பணம் — பல்கலைக்கழகக்காரர்கள் 'நல்கை' என்பார்கள் — இந்தத் துறைக்குள் வந்த வரலாற்றை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது.

1

யூனிகோடின் பிறப்பு ஒரு சந்தைக் கணக்கில் தொடங்குகிறது. 1988 ஆகஸ்டில் ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோ பெக்கர் ஒரு வரைவறிக்கை எழுதினார். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் 16 பிட் போதும் என்பது அவர் கணக்கு. அதாவது 65,536 இடங்கள். எப்படிப் போதும்? 1988ஆம் வருடத்தில் உலகின் செய்தித்தாள்களிலும் சஞ்சிகைகளிலும் அச்சாகும் எழுத்துகளை மட்டும் எண்ணிக்கொள்வோம், அவை 16,384ஐத் தாண்டாது என்றார். வழக்கொழிந்தவை, அரியவை எல்லாம் தனிப்பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய ஓர் ஓரத்தில் பதிந்துகொள்ளட்டும்.

இந்த அளவுகோலைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். செய்தித்தாள் அச்சடிக்கும் சமூகம் எது? அச்சகம், விளம்பரதாரர், பள்ளிக்கூடம், காசு கொடுத்து வாங்கும் வாசகர் உள்ள சமூகம். இவை இல்லாத சமூகத்தின் லிபி, அதை எத்தனை பேர் கையால் எழுதினாலும், 'அரியது' ஆகிவிடுகிறது. இதை எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இருந்திருக்காது. கணிப்பொறி விற்கிற கம்பெனிக்குத் தேவையான கணக்கு அது, அவ்வளவுதான்.

1991 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் யூனிகோடு கூட்டமைப்பு பதிவு செய்யப்பட்டது. ஜெராக்ஸ், ஆப்பிள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், சன் போன்ற நிறுவனங்கள் அதன் பின்னால் நின்றன. ஆண்டுச் சந்தா கட்டும் உறுப்பினருக்கு வாக்கு. அதே வருடம் அக்டோபரில் முதல் பதிப்பு வந்தது. அதில் இருந்தவை 24 லிபிகள். தமிழும் உண்டு.

தமிழ் அதற்குள் போன விதத்தில் இன்னொரு பணத்தின் கதை இருக்கிறது. அது கம்பெனிப் பணம் இல்லை, தில்லியின் பணம். இந்திய மொழிகளைக் கணிப்பொறியில் ஏற்றும் ஆராய்ச்சி கான்பூர் ஐ.ஐ.டி.யில் மத்திய அரசின் மின்னணுத் துறை ஆதரவில் நடந்தது. பிறகு அது புனேயில் 1988இல் அமைந்த சி-டாக் நிறுவனத்துக்குப் போயிற்று. அதன் விளைவுதான் இஸ்கி என்ற குறியேற்றம். எல்லா இந்திய லிபிகளும் பிராமியின் பிள்ளைகள், ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே கட்டம் போதும், ஒரு மொழியில் அடித்ததை இன்னொரு லிபியில் அப்படியே மாற்றிக் காட்டலாம் என்பது அதன் அடிப்படை. ஒரே அரசு, ஒரே திட்டம், ஒரே நிதி ஒதுக்கீடு. கட்டமும் ஒன்றாக இருப்பதே நியாயம் என்று தோன்றியிருக்கும். அந்தக் கட்டம் தேவநாகரியை அளந்து தைத்த சட்டை.

யூனிகோடு 1988ஆம் வருடத்து இஸ்கியை அப்படியே எடுத்துக்கொண்டது. விளைவு என்ன? தமிழுக்கு ஒதுக்கிய 128 இடத்தில் 'க'வுக்கு அடுத்து மூன்று இடம் காலி. வடமொழியின் மற்ற மூன்று ககரங்களுக்கான நாற்காலிகள் அவை, உட்கார ஆளில்லை. 'ற' வந்து 'ர'வுக்குப் பக்கத்தில் நிற்கிறது, 'ன' வந்து 'ந'வுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நம் நெடுங்கணக்கு வரிசையில் இவை கடைசியில் வருபவை. எண் வரிசையை மட்டும் நம்பி அடுக்கினால் தமிழ் அகராதி வரிசை கிடைக்காது. ஆய்த எழுத்துக்கு யூனிகோடில் அதிகாரபூர்வப் பெயர் என்ன தெரியுமா? விசர்க்கம். தொல்காப்பியம் சார்பெழுத்து என்று சொன்னது, தில்லிக் கட்டத்தில் வடமொழிக் குறியாகிப் போயிற்று. இன்றைக்கும் அதுதான் பெயர். மாற்ற முடியாது.

2

ஏன் மாற்ற முடியாது? இங்கேதான் இந்தத் துறையின் விசேஷமான காலக்கணக்கு வருகிறது.

1996இல் வந்த இரண்டாம் பதிப்பில் கொரிய எழுத்துகளை ஒரு இடத்திலிருந்து பெயர்த்து இன்னொரு இடத்தில் வைத்தார்கள். முன்பிருந்த 6,656 அசையெழுத்துகளை நீக்கி, 11,172 எழுத்துகளைப் புது இடத்தில் சேர்த்தார்கள். பழைய எண்ணில் எழுதிவைத்த கோப்புகள் எல்லாம் செல்லாக்காசாயின. இனி இப்படி ஒரு காரியம் செய்வதில்லை என்று கூட்டமைப்பு முடிவெடுத்தது. ஒருமுறை கொடுத்த எண்ணைத் திரும்பப் பெறுவதில்லை, இடம் மாற்றுவதில்லை. பெயர்களுக்கும் அதே விதி வந்தது. 2005இல் சேர்ந்த ஓர் அடைப்புக்குறியின் ஆங்கிலப் பெயரில் இரண்டு எழுத்துகள் முன்பின்னாக விழுந்துவிட்டன. அந்த அச்சுப்பிழை இன்னும் அப்படியே இருக்கிறது. திருத்தப் பெயர் ஒன்றைப் பக்கத்தில் எழுதிவைக்கலாம், மூலத்தைத் தொடக்கூடாது.

இந்த விதிக்குக் காரணம் உண்டு, நியாயமும் உண்டு. நாம் இன்று சேமிக்கும் பிரதி ஐம்பது வருடம் கழித்தும் படிக்கக் கிடைக்க வேண்டும் அல்லவா. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. முடிவெடுக்கும் நேரத்தில் அந்த அறையில் இல்லாதவர்களுக்கு மேல்முறையீடு கிடையாது.

கம்போடியாவுக்கு அதுதான் நடந்தது. கெமர் லிபி 1999இல் மூன்றாம் பதிப்பில் இடம்பெற்றது. போரும் படுகொலையும் கடந்து அப்போதுதான் நிமிர்ந்துகொண்டிருந்த நாடு அது. குழுக் கூட்டங்களுக்கு ஆளனுப்ப அங்கே யார் இருந்தார்கள்? பிறகு கம்போடிய அரசுத் தரப்பு விழித்துக்கொண்டு, எங்களைக் கேட்காமல் செய்துவிட்டீர்கள், கீழெழுத்துகளுக்கு நீங்கள் வைத்த முறை எங்களுக்கு ஒப்புதலில்லை என்று ஆட்சேபித்தது. முறையை மாற்ற முடியவில்லை. தேவையில்லாமல் சேர்த்த சில குறிகளை 'பயன்படுத்த வேண்டாம்' என்று முத்திரை குத்தியதோடு சரி. தன் எழுத்தைப் பற்றி ஒரு நாடு சொல்லும் கருத்து, தாமதமாக வந்த பின்னூட்டம் ஆகிப்போனது.

கெமர் விவகாரத்தை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது போதவில்லை. கம்பெனிகள் சந்தை உள்ள இடத்துக்குத் தங்கள் பொறியாளரின் நேரத்தைக் கொடுக்கும். அரசுகள் வலு இருந்தால் பிரதிநிதியை அனுப்பும். சந்தையும் இல்லை, அரசு வலுவும் இல்லை என்றால்? அந்த லிபிக்காக யாராவது ஒரு தனிமனிதர் ஆர்வத்தால் உட்கார்ந்து எழுத வேண்டும். பல ஆண்டுகள் அப்படித்தான் ஓடியது. மைக்கேல் எவர்சன் என்ற அச்செழுத்து வடிவமைப்பாளர் அயர்லாந்தில் இருந்துகொண்டு எழுதிய முன்மொழிவுகளின் வழியாக உள்ளே போன லிபிகள் ஏராளம். ஒரு மனிதருடைய பொறுமை, ஒரு மனிதருடைய வாடகை பாக்கி, இவற்றின் மேல் உலகத்து எழுத்துகளின் கதி தொங்கிக்கொண்டிருந்தது.

3

இரண்டாம் பதிப்போடு இன்னொரு மாற்றமும் நடந்தது. 16 பிட் போதாது என்பதை ஒப்புக்கொண்டு பத்து லட்சத்துக்கும் மேல் இடம் வரும்படி கணக்கை விரித்தார்கள். 2001இல் முதன்முதலாக அந்தப் புதுப் பரப்பில் எழுத்துகள் குடியேறின. பெக்கரின் 'இடமில்லை' என்ற வாதம் அதோடு முடிந்தது. இனி எந்த லிபிக்கும் இடம் உண்டு. இல்லாதது ஆள்.

அந்த வேலை என்னவென்று கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். ஒரு லிபியை முன்மொழிகிறவர் அதன் எழுத்துகளைப் பட்டியலிட வேண்டும். ஒவ்வொன்றும் நிஜமாகப் பயன்பட்டதற்குக் கையெழுத்துப் பிரதி, கல்வெட்டு, அச்சுநூல் என்று சான்று காட்ட வேண்டும். இரண்டு வடிவங்கள் ஒரே எழுத்தின் இரு தோற்றங்களா, இரு வேறு எழுத்துகளா என்று வாதிட வேண்டும். எழுத்துகள் சேரும்போது எப்படி உருமாறும், எந்தத் திசையில் ஓடும், அகர வரிசை என்ன, எல்லாம் எழுத வேண்டும். பிறகு யூனிகோடு தொழில்நுட்பக் குழு கேள்வி கேட்கும். ஐ.எஸ்.ஓ.வின் பணிக்குழுவில் நாடுகள் கேள்வி கேட்கும். திருத்தி எழுத வேண்டும், மறுபடி கேள்வி, மறுபடி திருத்தம். சாதாரணமாக இரண்டு வருடத்துக்குக் குறையாது, பத்து வருடமும் ஆகலாம். இதற்குப் பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வு கிடையாது. மொழியியல்காரர் இதை ஆராய்ச்சி என்று ஒத்துக்கொள்ள மாட்டார், பொறியாளர் இதைப் பொறியியல் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

இந்த இடைவெளியில்தான் 2002இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையில் 'லிபி குறியேற்ற முயற்சி' என்ற திட்டத்தை டெபோரா ஆண்டர்சன் தொடங்கினார். யோசனை எளிமையானது. நல்கைப் பணம் திரட்டுவது, முன்மொழிவு எழுதத் தெரிந்தவருக்குக் கூலி கொடுப்பது, அந்த லிபியை அறிந்த அறிஞரையும் எழுதுகிற சமூகத்தையும் அவரோடு இணைப்பது, குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து முடிவுவரை பின்தொடர்வது. அமெரிக்க அரசின் மானுடப் புலங்களுக்கான தேசிய நிதியம் இதற்குப் பலமுறை நல்கை கொடுத்தது. கூகுள் போன்ற நிறுவனங்களும் கொடுத்தன. வேறு திசையிலிருந்து யுனெஸ்கோவும் வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் 1949இல் சொலொமானா கான்டே உருவாக்கிய ங்கோ லிபி 2006இல் எண் பெற்றதற்குப் பின்னால் யுனெஸ்கோவின் பணம் இருந்தது.

இந்தப் பணம் செய்த காரியத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. 1991இல் 24 லிபிகள் என்றேன். 2024 செப்டம்பரில் வந்த 16ஆம் பதிப்பில் 168. கினி நாட்டில் 1989இல் பாரி என்ற இரு சகோதரர்கள் பள்ளிச் சிறுவர்களாக இருந்தபோது ஃபுலானி மொழிக்கென உருவாக்கிய அட்லம் லிபி 2016இல் உள்ளே வந்தது. நாடே தங்களை மறுத்த ரோஹிங்கியா மக்களின் ஹனிஃபி லிபி 2018இல் வந்தது. அதன் முன்மொழிவை எழுதியவர் அன்ஷுமான் பாண்டே. கைத்தி, மோடி, டாக்ரி என்று வட இந்தியாவில் தேவநாகரி விழுங்கிவிட்ட பல லிபிகள் மறுபடி பதிவேட்டில் ஏறியதிலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. பெக்கரின் ஓரத்தில் கிடந்தவை மையத்தின் அட்டவணைக்குள் வந்தன. கம்பெனிகளை மட்டும் நம்பியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சரி, அப்புறம் என்ன குறை?

4

நல்கை என்பது வெறும் பணம் இல்லை. அது ஒரு இலக்கிய வகை. விண்ணப்பம் என்ற பிரதிக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது: இத்தனை மாதம், இத்தனை தொகை, முடிவில் கையில் இன்னது இருக்கும். எண்ணிக் காட்டக்கூடியது எதுவோ அதுதான் 'விளைவு'. லிபிக் குறியேற்றத்தில் எண்ணிக் காட்ட மிகச் சுலபமானது 'இந்த நல்கைக் காலத்தில் இத்தனை லிபிகளுக்கு முன்மொழிவு ஏற்கப்பட்டது' என்பது. இந்த இலக்கணம் வேலையை மூன்று விதமாகச் சாய்க்கிறது.

முதல் சாய்வு, எதை எடுப்பது என்பதில். மானுடப் புலங்களுக்கான நிதியத்திடம் போகிறவர் ஆராய்ச்சிப் பயனைச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சித் துறையாக ஏற்கெனவே நிலைபெற்ற லிபிகளுக்கு அந்த வாதம் கைவசம் இருக்கிறது. பேராசிரியர்கள் உண்டு, அகராதிகள் உண்டு, மாநாடுகள் உண்டு. கிரேக்கத் தொல்லியலின் 'லீனியர் பி' 2003இல் எண் பெற்றது. மெசபடோமியாவின் ஆப்பெழுத்து 2006இல், எகிப்தியச் சித்திர எழுத்து 2009இல். இன்று உயிரோடு எழுதப்படும் அட்லம் 2016 வரையும் ரோஹிங்கியா 2018 வரையும் காத்திருந்தன. எல்லாவற்றுக்கும் நல்கை ஒன்றே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆப்பெழுத்துக்காக வாதாடியவர்கள் தங்கள் துறையின் பலத்தோடு வந்தார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் செத்த பேரரசின் லிபிக்குத் துறை இருக்கிறது, உயிரோடிருக்கும் அகதியின் லிபிக்குத் துறை இல்லை என்பது தற்செயல் அல்ல. பணம் துறைகளின் வழியே பாய்கிறபோது அந்த ஏற்றத்தாழ்வும் கூடவே பாய்கிறது. பெர்க்லித் திட்டம் சிறுபான்மை லிபிகளையும் பிடிவாதமாகப் பட்டியலில் வைத்திருந்ததால்தான் இந்தச் சாய்வு இன்னும் மோசமாகவில்லை.

இரண்டாவது சாய்வு, யார் பேசுகிறார்கள் என்பதில். முன்மொழிவு எழுதுவது ஒரு தனித்திறமை. குழுவின் மொழி, குழுவின் முன்னுதாரணம், குழு எந்த வாதத்துக்கு இணங்கும் என்கிற அனுபவம் எல்லாம் வேண்டும். ஆகவே பணம் இயல்பாக அனுபவசாலியிடம் போகிறது. உலகத்தின் பெருவாரி லிபிகளுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் எழுதியிருப்பது இதனால்தான். அவர்கள் நேர்மையாக உழைத்தவர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த லிபியில் கடிதம் எழுதும் கிழவி இந்தப் பிரதியில் 'பயனர் சமூகம்' என்ற ஒற்றைச் சொல்லாகிவிடுகிறாள். அவளைக் கேட்டுவர ஒருமுறை பயணம் போகப் பணம் இருக்கலாம். அவளுடைய ஊரில் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒரு எழுத்து வேண்டும் வேண்டாம் என்று ஐந்து வருடம் சண்டை போட்டு முடிவுக்கு வரும்வரை காத்திருக்க எந்த நல்கையிலும் பத்தி கிடையாது. சமூகத்தின் சண்டை அறிக்கையில் 'தாமதம்' என்று பதிவாகும். மூன்று வருடப் பணத்தில் எடுக்கும் முடிவு, மேலே சொன்ன விதிப்படி, என்றென்றைக்குமானது. இந்த இரண்டு காலங்களும் ஒன்றையொன்று உரசும் இடத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்.

மூன்றாவது சாய்வு, எண் கிடைத்த பிறகு வருவது. எண் என்பது வீட்டு மனைப் பட்டா மாதிரி. பட்டா வந்துவிட்டால் வீடு வந்துவிடாது. எழுத்துரு வேண்டும், விசைப்பலகை வேண்டும், எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் மென்பொருள் வேண்டும், கைப்பேசியில் அது வர வேண்டும், பிள்ளைகளுக்குப் பாடநூல் வேண்டும். இவற்றுக்கான பணம் வேறு, கதவு வேறு. பர்மிய லிபி இதற்குப் பாடம். 1999இலேயே எண் பெற்ற லிபி அது. ஆனால் மைக்ரோசாஃப்டின் விண்டோஸில் அதற்கு எழுத்துரு சேர்ந்தது 2012இல், விண்டோஸ் 8 வந்தபோது. அத்தனை வருடமும் சனம் எழுதாமல் காத்திருக்குமா? ஜாவ்ஜி என்ற எழுத்துரு அதே எண்களைத் தன்னிஷ்டப்படி பயன்படுத்திக்கொண்டு நாடு முழுக்கப் பரவிற்று. ஒருவர் எழுதியது இன்னொருவர் கைப்பேசியில் சிதைந்து தெரிந்தது. 2019 அக்டோபர் 1ஆம் தேதி அரசாங்கமே நாள் குறித்து யூனிகோடுக்கு மாற வேண்டியதாயிற்று. எண் கொடுத்த குழுவின் கணக்கில் அந்த லிபி இருபது வருடம் முன்பே 'முடிந்த வேலை'.

நம் வாசலிலேயே ஒன்று இருக்கிறது. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் சௌராஷ்டிரர்களின் லிபி 2008 ஏப்ரலில் எண் பெற்றது. அதே பதிப்பில் சந்தாலி மொழியின் ஒல் சிக்கியும் எண் பெற்றது. 1925இல் ரகுநாத் முர்மு உருவாக்கிய லிபி. இரண்டுக்கும் ஒரே நாளில் பட்டா. சந்தாலிக்குப் பின்னால் ஒரு ஆதிவாசி இயக்கம் இருந்தது. 2003இல் அந்த மொழி அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணைக்குள் வந்திருந்தது. 2018இல் ஒல் சிக்கியில் விக்கிப்பீடியாவே தொடங்கிவிட்டார்கள். சௌராஷ்டிரர்களோ தங்கள் மொழியைத் தமிழ் எழுத்திலும் நாகரியிலும்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். எண் இரண்டுக்கும் ஒன்றுதான்; இயக்கம் ஒன்றில்லை.

5

2010இல் ஜப்பானியக் கைப்பேசிகளின் எமோஜிகள் எழுநூறுக்கு மேல் ஆறாம் பதிப்பில் சேர்ந்தன. முன்மொழிந்தவை கூகுளும் ஆப்பிளும். பிராமி லிபியும் அதே பதிப்பில்தான் வந்தது என்பது வரலாற்றின் குறும்பு. அசோகன் கல்வெட்டும் சிரிக்கும் மஞ்சள் முகமும் ஒரே நாளில் பிறந்த பிள்ளைகள். 2015 டிசம்பரில் கூட்டமைப்பு புது வழி கண்டது: எழுத்தைத் தத்தெடுக்கலாம். 5,000 டாலர் கொடுத்தால் தங்கப் புரவலர், 1,000 கொடுத்தால் வெள்ளி, 100 கொடுத்தால் வெண்கலம். காதலியின் பெயரில் ஒரு இதயப் பொம்மையைத் தத்தெடுத்தால் அந்தப் பணம் பின்தங்கிய மொழிகளின் எழுத்துவேலைக்குப் போகும். மாயா சித்திர எழுத்துக்கான ஆய்வுக்கு இதிலிருந்தும் நிதி போயிற்று. சிரிக்க வேண்டாம். கோயில் உண்டியலில் விழும் காசில் பள்ளிக்கூடம் நடத்துவதில்லையா? ஆனால் உரிமையாகக் கேட்க வேண்டியது இங்கே தர்மமாகக் கிடைக்கிறது என்பதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மாயா எழுத்து 2025 செப்டம்பரில் வந்த 17ஆம் பதிப்பிலும் இல்லை. கடினமான லிபி நல்கையின் நாள்காட்டிக்குள் அடங்குவதில்லை.

தர்மப் பணத்தின் இன்னொரு குணம், கொடுக்கிற கை எப்போது வேண்டுமானாலும் மூடிக்கொள்ளும். 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு மானுடப் புலங்களுக்கான அதே நிதியத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நல்கைகளை ஒரே வீச்சில் ரத்து செய்தது. உலகத்து லிபிகளின் எதிர்காலம் ஒரே நாட்டின் ஒரே நிதியத்தின் மேல் கணிசமாகச் சாய்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

6

இந்தக் கதையில் தமிழர்களாகிய நாம் எங்கே நிற்கிறோம்? நாம் கம்போடியா இல்லை. நமக்கு மாநில அரசு இருக்கிறது, உலகெங்கும் கணிப்பொறிப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். தமிழக அரசு கட்டணம் கட்டி யூனிகோடு கூட்டமைப்பில் உறுப்பினராகவே இருந்தது. இந்தப் பலத்தை எதில் செலவழித்தோம்?

பெரும்பகுதி, பழைய கட்டத்தை உடைக்க. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கேட்கும் டேஸ்-16 என்ற முறையை வளர்த்தோம். கோபம் நியாயமானது; மேலே சொன்ன தில்லிச் சட்டையைப் போட்டுக்கொண்டவனுக்கு அது புரியும். ஆனால் கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்ற விதி அதற்குள் இறுகிவிட்டிருந்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்தது. அது குடியிருப்பது எங்கே? தனிப்பயன்பாட்டுப் பரப்பில். பெக்கர் 1988இல் அரிய லிபிகளுக்கென்று காட்டிய அதே ஓரம்.

அதே வருடம் கிரந்தப் பிரச்சினை வெடித்தது. தமிழுக்குள் கிரந்த எழுத்துகள் சேர்கின்றன, கிரந்தத்துக்குள் தமிழ் எழுத்துகள் போகின்றன என்று இரண்டு முன்மொழிவுகள். எதிர்ப்புக் கிளம்பியது, முதலமைச்சர் மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார், முடிவு தள்ளிப்போனது. 2014இல் கிரந்தம் தனி லிபியாக எண் பெற்றது. அந்தச் சண்டையை வெறும் உணர்ச்சிவசம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கெமர்க்காரர்களுக்குக் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைத்தது: முடிவுக்கு முன்னால் கூச்சல் போட அவகாசம். கூச்சலும் ஒரு பங்கேற்புதான். ஆனால் அது அபாயச் சங்கு ஊதினால் மட்டும் எழுகிற பங்கேற்பு.

சங்கு ஊதாத வேலையைப் பாருங்கள். முந்திரி, காணி, மா, அரைக்கால் என்று நம் கணக்கப்பிள்ளைகள் ஓலையிலும் பேரேட்டிலும் எழுதிய பின்னக் குறிகள், அளவைக் குறிகள், நிலக்குறிகள். 320இல் ஒரு பங்குக்குத் தனிக்குறி வைத்திருந்த சமூகம் இது. இந்தக் குறிகளில் 51, 2019 மார்ச்சில் 12ஆம் பதிப்பில்தான் சேர்ந்தன. பல வருடம் அதற்காகச் சான்று தேடி, எழுதி, திருத்தி, மறுபடி எழுதிய வேலை ஒரு தனிமனிதரின் முன்மொழிவில் தொடங்கியது. அரசும் அறிஞர்களும் பிறகு கருத்துச் சொல்ல வந்தார்கள். தமிழிக் கல்வெட்டுகளுக்கு வேண்டிய குறில் எகர ஒகரமும் புள்ளியும் பிராமியின் தொகுதிக்குள் வந்தது 2021இல். கல்வெட்டின் பெருமையை மேடையில் பேச நம்மிடம் எப்போதும் பணம் இருந்திருக்கிறது. அதை எண்ணாக்கும் குமாஸ்தா வேலைக்கு?

அந்தக் குமாஸ்தா வேலைதான் அரசியல். பக்கத்தில் பாருங்கள். 16ஆம் பதிப்பில் கிரந்தத்தின் உறவான துளு-திகளாரி சேர்ந்தது. 17ஆம் பதிப்பில் ஜார்க்கண்டின் குடுக் மொழிக்கான தோலோங் சிக்கி சேர்ந்தது. குடுக் திராவிட மொழி, நம் குடும்பம். இவற்றின் எழுத்துருவுக்கும் விசைப்பலகைக்கும் பாடநூலுக்கும் இனி யார் காசு தரப்போகிறார்கள்? திராவிடம் என்ற சொல்லை நூறு வருடமாக உச்சரிக்கும் நிலத்திலிருந்து ஒரு சிறு தொகையாவது போகுமா? மதுரையின் சௌராஷ்டிர லிபிக்காவது?

போகும் என்றால், அது எந்த மாதிரிப் பணமாக இருக்க வேண்டும் என்பதையும் இந்த முப்பத்தைந்து வருட வரலாறு சொல்லிவிடுகிறது. எத்தனை லிபி முடித்தாய் என்று கேட்காத பணம். எழுதுகிற சனத்தை 'பயனர்' என்று ஒரு பத்தியில் அடைக்காமல், அவர்கள் சண்டை போட்டு முடிக்கும்வரை காத்திருக்கும் பணம்; அவர்களில் ஒருவரை முன்மொழிவு எழுதப் பழக்கும் பணம். எண் கிடைத்த நாளில் கணக்கை முடிக்காமல், அந்த ஊர்ப் பிள்ளை தன் பெயரைத் தன் கைப்பேசியில் தன் லிபியில் அடிக்கும்வரை கூடவரும் பணம். இப்படி ஒரு நல்கைக்கு விண்ணப்பப் படிவம் எங்கும் அச்சாகவில்லை. அதை எழுதும் வேலை கம்பெனிக்கும் பெர்க்லிக்கும் தில்லிக்கும் மட்டும் உரியது என்று விட்டுவிட்டால், அவர்கள் கட்டத்தில் நமக்கு ஒதுக்கும் நாற்காலியில்தான் உட்கார வேண்டியிருக்கும். ஆய்தம் முப்பத்தைந்து வருடமாக விசர்க்கத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல.